மேடைக்குக் கேட்ட இலைகள்

யுகேந்திரன் என் பனையின் இலைமேல் அளவு நாடாவை விரித்துப் பிடித்திருந்தான். தெருக்கோடியில் நான் ஓட்டும் ஸ்கூல் வேனைக் கழுவிவிட்டு, வாளியும் துணியுமாக வீட்டுக்குள் நுழைந்தவள் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். யுகேந்திரன் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருக்கிறான். அவன் பக்கத்தில் என் அண்ணி தங்கமணி, கைப்பையைத் தோளில் மாட்டியபடி, கடையில் சேலைக்கு பார்டர் பார்ப்பதுபோல இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் வீட்டு மாற்றுச் சாவி ஒன்றை அண்ணன் வாங்கி வைத்திருந்தான். அண்ணிக்கு அன்று என்ன அவசரமோ தெரியவில்லை.

"அக்கா, மூனரை அடி வருதுலா. சூப்பர்! ஸ்ப்ரேகூட வேணாம். இந்த ஆறையும் பொண்ணுக்குப் பின்னாடி அப்படியே நிறுத்திட்டா போதும், மேடை தூக்கிரும்," என்றான் யுகேந்திரன்.

ஆறு என்று அவன் வாயால் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பனையில் இருப்பதே ஆறு இலைகள்தான்.

"எதுக்குப்பா அளக்கிற?"

அண்ணி முந்திக்கொண்டார். "தாமரை நலங்குக்கு, உஷா. மாப்பிள்ளை வீட்டுல எல்லாம் பச்சையா, இயற்கையா வேணும்னு கேட்டாங்க. எங்க வீட்டு அத்தை அபூர்வமான பனையெல்லாம் வளர்க்குது, மேடை முழுக்க அது இலைதான்னு உங்க அண்ணன் சொல்லிட்டாரு. அத்தை சீர்னு வச்சுக்கோயேன்."

தாமரை அண்ணனின் மகள். என்னைக் கேட்காமலே என் சீரை எனக்காகக் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு நல்ல மனது!

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டுப் போர்ச்சிலும் கார் நிற்கும். என் வீட்டுப் போர்ச்சில் கறுப்பு வலைக்கு அடியில் விசிறிப்பனைகள் நிற்கின்றன. வேன் தெருவில் வெயில் காய்கிறது. பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காலையிலும் மத்தியானமும் முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் காதில் வாங்குகிறவளுக்கு, வாயைத் திறக்காமல் வளர்கிற ஒன்று வேண்டியிருக்கிறது. அவற்றிலும் இந்தப் பனை தனி. சுங்கை பூலோ நர்சரியில் சாதாரண விசிறிப்பனைக் கன்றுகளோடு சேர்ந்து ஒரே தட்டில் இருந்தது. மற்றவற்றின் இலை ஓரத்தில் அலையலையாக மடிப்பு விழுந்திருந்தது. இது ஒன்று மட்டும் தோசைக்கல் மாதிரி தட்டையாக விரித்துக்கொண்டு நின்றது. கடைக்காரர், சீக்குப் பிடித்த கன்று, வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் அன்று யாராவது வேண்டாம் என்று சொல்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு போகவேண்டும் போலத்தான் இருந்தது.

அது வளர்ந்த வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருஷத்துக்கு ஒரு குருத்து, நல்ல வருஷம் என்றால் இரண்டு. கடையில் 'கிராண்டிஸ்' என்று விற்கும் சாதாரண விசிறிப்பனை இந்நேரம் அடிமரம் வைத்து இடுப்பளவு நிமிர்ந்திருக்கும். இது மண்ணோடு ஒட்டிக்கொண்டு இலைகளை மட்டும் உயர்த்தியது. பனை வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். அம்பாங்கிலிருக்கும் மிஸ்டர் ஃபூ, அந்தக் குழுவில் அவர் சொன்னால் சொன்னதுதான், "கிராண்டிஸ். உன் தொட்டி சின்னது, அதனால்தான் மரம் வைக்கவில்லை" என்று எழுதினார். தொட்டியை மாற்றிவிட்டு மறுபடி படம் போட்டேன். மட்டையில் கருக்கு அடியில் மட்டும் இருக்கிறது, மேலே வழவழவென்று இருக்கிறது, பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினேன். கிராண்டிஸ்தான் என்றார். இலையின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். கூச்சிங்கிலிருந்து ஒருவர்தான் தனியாக எழுதினார்: "இது எங்கள் சரவாக் காட்டுப் பனைபோல் இருக்கிறது. ஆனால் இலையை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. பூத்தால் படம் அனுப்புங்கள். பூ சொல்லிவிடும்."

அந்தப் பூவுக்கான பாளை போன மாதம் வந்தது. மட்டைகளுக்கு நடுவே விரல் பருமனில், பழுப்பு உறைக்குள், இன்னும் வெடிக்காமல். நான் அதைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஊர் வைத்த பெயரோடு நின்ற ஒன்று, தான் யார் என்று சொல்ல வாயெடுக்கிற நேரம். இலைதான் அதற்குச் சோறு. ஆறு இலையையும் வெட்டினால் பாளை கருகிவிடும். பனையே பிழைத்தாலும் மறுபடி பாளை விடுமா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். மட்டைகளை விலக்கிப் பாளையைக் காட்டவும் செய்தேன்.

"இலைதானே உஷா, திரும்ப வளரும்," என்றார்.

"வளராது அண்ணி."

"ஒரு நாள் கூத்துதானே. பிள்ளைக்கு நீ இதுகூடச் செய்யமாட்டியா?"

அந்த இடத்தில்தான் நான் கேட்டேன். வெகுநாளாக நாக்கின் நுனியில் இருந்தது. "நலங்குல என்னை எப்ப கூப்பிடுவீங்க அண்ணி? அத்தைதானே மொதல்ல வைக்கணும்?"

அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். யுகேந்திரன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, போன் வந்ததுபோல வெளியே போனான்.

"நீ தப்பா எடுத்துக்காத. நல்ல காரியம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க இதெல்லாம் பாக்குறவங்க," என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல்.

என் புருஷன் ஈப்போவில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு எங்களுக்குள் எல்லாம் முடிந்து வெகுகாலம் ஆகிறது. என் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. நீ வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அந்தமட்டில் மரியாதைக்காரர்கள். நலங்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நான் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வேலை முளைத்துவிடும். சிராப் தண்ணி ஊற்றணும் உஷா, அந்தப் பையன் படியில விழுந்துடப்போறான் பிடி உஷா, கேட்டரிங் லோரி வந்துடுச்சா பாரு உஷா. நானும் ஓடியிருக்கிறேன். தாமரைக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்து அழுகையை நிறுத்தியது நான். கன்னத்தில் சந்தனம் வைக்கமட்டும் என் விரல் ஆகாது. இலை ஆகும்.

"ஒரு இலைகூடத் தரமாட்டேன்," என்றேன். "சாவியை வச்சிட்டுப் போங்க."

சாவி அண்ணனிடம் கொடுக்கவேண்டியது என்று சொல்லி அவர் எடுத்துக்கொண்டே போய்விட்டார். சாயந்திரம் அண்ணன் பழனியப்பன் போன் செய்தான்.

"வாக்குக் குடுத்துட்டேன் உஷா. என் மானத்தை வாங்காத."

"என் மரத்தைக் காட்டி நீ ஏன் வாக்குக் குடுத்த?"

அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னான்: "பிள்ளையா குட்டியா, யாருக்காக அதைக் கட்டிக் காக்குற?"

வலித்தது. வலிக்கவில்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. போனைத் துண்டித்துவிட்டு அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன், ஆத்திரத்தில்.

நலங்கு சனிக்கிழமை. அன்று மத்தியானம் டியூஷன் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக் கேட் வாசலில் பக்கத்து வீட்டு ஹலீமா அக்கா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தானை தலையில் இறுகச் சுற்றியிருந்தது. கையில் என் பனையின் இலை, மட்டையோடு.

"உங்க அண்ணன்தான். கத்தியும் கையுமா வந்துச்சு. ஒன்னு வெட்டிருச்சு. நான் போட்ட சத்தத்துல நாலு வீடு கதவைத் திறந்துருச்சு. அவ இல்லாத நேரத்துல வந்து அறுக்கிறியே, நீயெல்லாம் கூடப்பொறந்தவனான்னு கேட்டேன். இலையைப் போட்டுட்டுப் போயிருச்சு. அது கையில நல்லா கிழிச்சும்விட்டுருச்சு உன் மரம்." சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்ததிலேயே பெரிய இலையின் இடத்தில் வெட்டுவாய் ஈரமாகத் தெரிந்தது. ஐந்து இலைகள் மிச்சம். பாளையைத் தொடாமல் குனிந்து பார்த்தேன். நின்றது. தாங்குமா என்று தெரியவில்லை. ஐந்தை வைத்துக்கொண்டு தாக்குப்பிடி என்று வாய்விட்டே சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். ஹலீமா அக்கா இலையை வாளித் தண்ணீரில் நிறுத்திவிட்டு, என் முதுகில் கை வைத்திருந்தார்.

பிறகு எழுந்து குளித்தேன். நலங்குக்குப் போகவேண்டாம் என்று நினைத்திருந்தவள், பீரோவிலிருந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன். பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

"எங்க?" என்றார் ஹலீமா அக்கா.

"சீர் கொண்டு போறேன் அக்கா."

அவர் என் முந்தானை மடிப்பைச் சரிசெய்தார். "போ. நீ வர்றவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். எவன் வரான்னு பாக்கிறேன்," என்று நாற்காலியைப் பனைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் உட்காரும் சீட்டுமேல் இலையைப் படுக்கவைத்து, அடிபடாமல், ஃபெடரல் ஹைவேயில் இடது பக்கமாகவே ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான், அடிக்கட்டும் என்று விட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ஹாலில் நான் நுழைந்தபோது ஸ்பீக்கரில் நாதஸ்வரம். மேடைக்குப் பின்னால் யுகேந்திரன் பிளாஸ்டிக் இலைகளை வைத்து ஒப்பேற்றியிருந்தான். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் இலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். மஞ்சள் புடவையில் தாமரை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருத்தர் சந்தனம் பூசிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இலையைக் குடைபோலத் தூக்கிப் பிடித்து நடந்தேன். பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது.

மேடைப் படியில் அண்ணன் குறுக்கே வந்தான்.

"இலையைக் குடு உஷா. நீ போயி உட்காரு. அப்புறம் பேசிக்கலாம்."

"இலை மட்டும் மேல போகாது."

"ஆளுங்க பாக்குறாங்க..."

"அத்தை சீர்னு சொன்னது நீதானே? அத்தை வந்திருக்கேன். வழிய விடு."

மட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினான். உள்ளங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கருக்கைப் பார்த்து, பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டான். அவனைத் தாண்டி ஏறினேன். கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்ற அண்ணி, "உஷா, கேட்டரிங்ல..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டரிங்க நீங்க பாருங்க அண்ணி."

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நான் நின்று படிக்கவில்லை. தாமரை அண்ணாந்து என்னைப் பார்த்தாள். ஒரு கன்னத்தில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

"அத்தை, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள், உதடு அசையாமல்.

"பாக்கட்டும். உனக்கு வேணாம்னா நீ சொல்லு, இறங்கிடறேன். வேற யாரு சொன்னாலும் இறங்கமாட்டேன்."

கிண்ணத்தில் மூன்று விரலை முக்கினேன். சந்தனம் சில்லென்றிருந்தது. இடது கையில் பிடித்திருந்த இலை அவள் தலைக்குமேல் விரிந்து, மேடை விளக்கை மறைத்து, அவள் முகத்திலும் என் கையிலும் பச்சை வெளிச்சத்தை இறக்கியது. தாமரை கண்களை மூடிக்கொண்டு மஞ்சள் பூசாத கன்னத்தைக் கொஞ்சமாகத் திருப்பினாள். விரல் நுனியிலிருந்து வழிந்த சந்தனம் என் மணிக்கட்டு வளையலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.