ஆர்லீன் இருக்கிற திசை

வில்மர் குரோஃப் எந்தத் திசைகாட்டியைக் கையில் எடுத்தாலும் அதன் முள் வடக்கைக் காட்டாது. அவன் மனைவி ஆர்லீன் இருக்கும் பக்கத்தைத்தான் காட்டும். 1951 ஜூனில் கல்யாணமான நாளிலிருந்து இப்படி. அன்பினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இருவரும் முகம் கொடுத்துப் பேசாத வாரங்களிலும் முள் அவளையே காட்டியது. பென்சில்வேனியாவில் அவர்கள் இருந்த பக்கம் இதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை. அங்கே காடு என்றால் இரண்டு சோள வயலுக்கு நடுவே விட்டுவைத்த நாற்பது ஏக்கர். எப்படி நடந்தாலும் கால் மணியில் யாராவது ஒரு சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகை வந்துவிடும்.

கஷ்டம் 1974 ஜனவரியில் வந்தது. வில்மரும் அவன் தம்பி கிளேட்டனும் அந்த நவம்பரில் மெய்ன் மாநிலத்தின் வடகோடிக்குப் போய் மான் வேட்டையாடுவதென்று முடிவு செய்தார்கள். நாற்பது மைலுக்கு ஒரு வீடு கிடையாது, மான்கள் ஒவ்வொன்றும் இருநூறு பவுண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். அது பத்து மாதம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. ஈஸ்டர் விருந்தைக்கூடக் குடும்பமே மடியில் தட்டை வைத்துக்கொண்டு தின்றது. கிளேட்டன் ஊசிகளைக் குத்துவான், வில்மர் பிடுங்குவான், அரைத்த மாவையே இருவரும் திரும்பத் திரும்ப அரைத்தார்கள். வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில், மேசைக்கு வெளியே தொங்கிய பகுதியில், கடல் இருந்தது. ஆர்லீன் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. ஒரு நாள் அங்கே கூட்டிப்போ என்று ஒவ்வொரு முறை தூசி தட்டும்போதும் கேட்டாள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

பெருங்காட்டில் ஆளுக்கொரு தடம் பிடித்துத் தனியாகப் போக வேண்டும், அதற்குத் திசைகாட்டி வேண்டும். கிளேட்டனின் திசைகாட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தம்பி பின்னால் வால் பிடித்துக்கொண்டு போக வில்மர் சம்மதிக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவன். கடைசியில் கிளேட்டன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாடகைக்கு எடுத்திருந்த மரக்குடிலிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு போட்டான். அது ஒன்பது மைல் தள்ளி, ஒரே ஒரு கடை உள்ள ஊரில் போய் முட்டியது.

"அண்ணி, அந்தக் கடை மாடியில ஒரு ரூம் இருக்கு. நீங்க அங்க ஒரு வாரம் உட்கார்ந்துட்டீங்கன்னா போதும், அண்ணன் முள்ளு சரியா வடக்கே காட்டும்."

"எந்திரிக்கலாமா?"

"எந்திரிக்கலாம். கிழக்கயும் மேற்கயும் ரொம்ப நடக்காதீங்க."

"அங்கேயிருந்து கடல் மூணு மணி நேரந்தானே வில்மர்? ஒரு நாள் போய்ட்டு வரலாமே."

"அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றான் வில்மர், ஊசியைப் பிடுங்கிக்கொண்டே.

அவள் போனாள். ஏன் போனாள் என்று பிறகு பல வருடம் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்று நாள் அந்த மாடியறையில் நாற்காலியை வடக்குச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் காலையில் கீழே கடைக்காரி ஒடெட் திபடோ, மீன் வாங்கக் கடற்கரைக்கு வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. இருபத்து மூன்று வருட எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு அவளைப் படியிறக்கி, வண்டியில் ஏற்றி, கதவையும் சாத்தியது.

மத்தியானம் கடலைப் பார்த்தாள். காலணியைக் கழற்றினாள், அலையில் நின்றாள், வறுத்த சிப்பி ஒரு பொட்டலம் தின்றாள். ஒரு மணிக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வில்மர் இந்நேரம் குடிலுக்குத் திரும்புவான். குடில் தெற்கே என்பதால் முள்ளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடப்பான். ஆனால் முள் இப்போது அவள் இருக்கும் தென்கிழக்கைக் காட்டும். ஆக, வடமேற்கே, ஆளே இல்லாத காட்டுக்குள் போய்க்கொண்டிருப்பான். பனி வேறு பெய்யும் என்று வானொலி சொல்லியிருந்தது. கடலுக்கு வந்தும் இவன் தொல்லை விடவில்லையே என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது.

கிளம்பலாமென்றால், வண்டி நகர நகர முள்ளும் நகரும், அவன் இன்னும் குழம்புவான். ஆகவே ஒரு பாறையில் ஏறி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். அவனுக்கு உலகத்தில் ஒன்றாவது நிலையாக இருக்கட்டும் என்று உட்கார்ந்தாள். பாவாடை நனைந்தது. ஒடெட் இரண்டு முறை வந்து கூப்பிட்டாள்.

"கடையைத் திறக்கணும்டி. இப்படி எவ்வளவு நேரம்?"

"இருட்டுற வரைக்கும். என் புருஷன் நடந்துக்கிட்டு இருக்கான்."

ஒடெட் வண்டியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துவந்து போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்த பிறகுதான் வண்டி கிளம்பியது. தேடப்போகும் ஆட்களுக்கு என்ன சொல்வது, ஊரிலிருக்கும் மகளுக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஆர்லீன் நினைத்துக்கொண்டே வந்தாள். குடில் வாசலில் வண்டி நின்றதும் கதவைத் தள்ளினாள்.

வில்மர் அடுப்பருகே காலுறையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"கடல் எப்படி இருந்துச்சு?" என்றான்.

நடந்தது இதுதான். அரை மணியில் வரவேண்டிய ஓடை ஒரு மணி நடந்தும் வரவில்லை. பனி விழுந்து, அவன் வந்த தடம் மூடிவிட்டது. விழுந்த மரமொன்றில் உட்கார்ந்து, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் முறையாக, ஆர்லீன் எங்கே போக ஆசைப்படுவாள் என்று யோசித்தான். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அப்படியானால் முள் காட்டுவது கடல், கடல் தென்கிழக்கு. முள்ளை மூக்குக்குச் சற்று இடப்பக்கமாக வைத்துக்கொண்டு தெற்கே நடந்தான். முள் ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. இருட்டும்போது குடில் வந்தது.

"கடலுக்குத்தான் போயிருப்பேன்னு எப்படித் தெரியும்?"

"வேற எங்க போவ? ஜனவரியிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தியே."

"அது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எல்லாத் தடவையுமா?"

அவன் காலுறையைத் திருப்பிப் போட்டான். ஆர்லீன் ஈரக் காலணியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். தோளில் பட்டது. பிறகு உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அவன் பிழைத்து வந்ததற்கு எவ்வளவு, காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்ததற்கு எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடம் மான் கிடைக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் வரைபடம் மறுபடி மேசைக்கு வந்தது. இந்த முறை கடல் மேசையின் மேல் இருந்தது, காடு வெளியே தொங்கியது. அதிலிருந்து வருடா வருடம் முதல் ஊசியை ஆர்லீன் குத்துகிறாள், கடற்கரையில், ஒரு பாறை இருக்குமிடத்தில். அதை யாரும் பிடுங்குவதில்லை. கோடுகளையெல்லாம் கிளேட்டன் அங்கிருந்துதான் போடுகிறான். வில்மர் 1979இல் இருநூற்றுப் பதினோரு பவுண்டு மான் ஒன்றை அடித்து ஒடெட் கடைச் சுவரில், பெரிய மான் அடித்தவர்கள் வரிசையில், பெயர் எழுதிக்கொண்டான். ஒவ்வொரு நவம்பரிலும் தினமும் அதிகாலை, காட்டில் இறங்குவதற்கு முன் அவன் ஆர்லீன் தங்கும் அந்தக் கடைக்கு வந்து, அவள் இன்று எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகிறான். சில நாள் அவள் சொல்வதில்லை. அன்றைக்கு அவன் வேட்டைக்குப் போவதில்லை, விறகு பிளக்கிறான்.