நிழல் விழாத உயரம்

நியாம்புலா சுகாதார நிலையத்தின் கூரைமேல் ஒரு முருங்கையின் நிழல் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் அது வேலிக்கு அப்பால் சாதுவாகப் படுத்திருக்கும். மதியச் சாப்பாடு ஆனதும் எழுந்து சுவரேறி, கூரையில் இருக்கும் சோலார் பலகைகளின்மேல் காலை நீட்டிக்கொள்ளும். அதன்பின் பேட்டரிக்குப் பசி தீராது. அந்தி சாய்ந்ததும் பிரசவ அறை விளக்கு கண்ணைச் செருக ஆரம்பிக்கும்.

ஷிரே ஆற்றங்கரையில் வெயிலுக்குத் தட்டுப்பாடு என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பக்கத்து ஆடுகள் அக்டோபர் மாதத்தில் தங்கள் நிழலைத் தாங்களே மிதித்துக்கொண்டு நிற்கும், அசந்தால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று. ஜைலோஸ் சொன்ன தகவல் இது. அவன் அந்த நிலையத்தின் காவல்காரன், தோட்டக்காரன், மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களுக்குப் பேச்சுத்துணை. பொய் சொல்லமாட்டான். நடக்க வேண்டியதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுவான், அவ்வளவுதான். பெருவெள்ளத்தில் ஒரு நீர்யானை மருந்தறைக்குள் புகுந்து, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புப் பொட்டலங்களை எல்லாம் தின்றுவிட்டு, தாகம் தாங்காமல் ஆற்றில் பாதியைக் குடித்ததாம். வெள்ளம் வடிந்தது அப்படித்தானாம். அரசாங்கம் வேறு காரணம் சொல்கிறது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் நிலையத்தை மறுபடி கட்டினார்கள். தரையை இடுப்புயரம் தூக்கினார்கள். சூறைக்காற்று பிடுங்காதபடி கூரையைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள். மழைநீர்த் தொட்டி வந்தது, தடுப்பூசி வைக்கும் சோலார் பெட்டி வந்தது, விளக்கு வந்தது. வெள்ளம் போய் நாலு வருஷம் ஆகிறது. மேற்கு மூலையில் நின்ற முருங்கைக் குச்சி அதற்குள் கூரையைத் தாண்டிவிட்டது.

“ஜைலோஸண்ணே, அந்த மரத்த வெட்டிருங்க” என்றாள் நர்ஸ் மெர்விஸ். “நேத்துத் தையல் போடும்போது லைட்டு போயிடுச்சு. செல்போனப் பல்லுல கடிச்சுக்கிட்டுத் தச்சேன். இன்னும் கொஞ்ச நாள்ல மழை. மேகம் மூடிட்டா இருக்கிற அரை வெயிலும் போச்சு.”

“சிஸ்டர், நான் பாத்திரம் கழுவின தண்ணி ஊத்தி வளர்த்த மரம் அது.”

“நீங்க பாத்திரம் கழுவினீங்களா? எந்த ஊர்ல?”

“கிளைய மட்டும் கழிக்கட்டுமா?”

“அடியோட வெட்டுங்க. முருங்கையப் பத்தி எனக்குத் தெரியாதா? இன்னிக்குக் கழிச்சா அடுத்த மாசம் வந்து வணக்கம் சொல்லும்.”

ஜைலோஸுக்கும் மனசில்லைதான். நோயாளிகளுக்குத் துணையாக வந்து தங்கும் பெண்கள் அந்தக் கீரையை நிலக்கடலை மாவில் கிளறி, ந்சிமா என்னும் மக்காச்சோளக் களியோடு சாப்பிடுவார்கள். காவல்காரனுக்கும் ஒரு கை வைப்பார்கள். ஆனால் அவன் கீரையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி எனெலெசி அடுப்பில் ஏற்றமாட்டாள். வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். கீரை என்ன ஆகிறதென்று அவன் கேட்டதில்லை. பெண்டாட்டிக்கு முருங்கை பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டான்.

மறுநாள் கோடரியைக் காணோம். கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மெர்விஸிடம் சொன்னான்.

“அதுக்கெதுக்கு கோடரி?”

“அதுக்கும் வீடு வாசல் இருக்கும்ல, சிஸ்டர்?”

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தான். மரத்தடியில் எனெலெசி உட்கார்ந்திருந்தாள். பாவாடைத் துணிக்கடியிலிருந்து காணாமல் போன கோடரியின் பிடி எட்டிப் பார்த்தது.

“கழுதைப்புலி இங்கதான் இருக்கா?” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. “இதத் தொடாதீங்க.”

“ஏன்?”

“தொடாதீங்கன்னா தொடாதீங்க.”

“பிரசவ ரூம்ல லைட்டு எரியல எனெலெசி.”

அதைக் கேட்டதும் அவள் முகம் அறைபட்டதுபோல் ஆனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். காரணம் கேட்டால் கால் வலி என்றாள். ஜைலோஸ் மெர்விஸிடம், மரம் பகலில் உறங்குகிறது, உறங்குகிற மரத்தை வெட்டினால் பாவம் என்று சொல்லிப் பார்த்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை மேகம் வந்தது. கூடவே சைக்கிள் டாக்சியின் பின்சீட்டில் ஒரு பெண்ணும் வந்தாள். தலைப்பிரசவம். சின்னப் பெண், வலியில் சைக்கிள்காரனின் சட்டையைக் கிழித்திருந்தாள். அந்தி நேரம் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, கம்பிபோலச் சிவந்து, அணைந்தது.

“ஜைலோஸண்ணே! டார்ச்!” மெர்விஸின் குரல் கிறீச்சிட்டது. “ஜன்னல்ல பிடிங்க! இந்தப் பக்கம்!”

அவன் ஓடினான். பிரசவ அறைக்குள் ஆண் பார்க்கக் கூடாது. டார்ச்சை ஜன்னல் கம்பிக்குள் நீட்டிவிட்டு முகத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

“எங்கண்ணே காட்டுறீங்க? கூரையில யாரு பிரசவிக்கிறா? கீழே! இன்னும் கீழே!”

சுவரில் முகம் பட்டதும் அவனுக்குப் பழைய சுவரின் ஈரம் நினைவுக்கு வந்தது. பெருவெள்ளத்தின்போதும் இப்படித்தான் நின்றான். வலியெடுத்த எனெலெசியை மரத்தோணியில் ஏற்றி வந்து இறக்கினான். கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் தண்ணீருக்கடியில் கிடந்தது. உள்ளே கணுக்கால் அளவு வெள்ளத்தில் மெர்விஸ் இருட்டில் அலமாரியைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிள்ளைக்கு மூச்சு ஊதும் பையைத் தேடுகிறாள். டப்பாக்கள் உருண்டன, கண்ணாடி உடைந்தது. தேடிய பொருள் அலமாரியில்தான் இருந்தது. கைக்குக் கிடைத்தபோது பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு மாய் சாகோண்டா என்ற மூதாட்டியும் இரண்டு பெண்களும் ஒரு சிறு துணிப் பொதியோடு வெளியே வந்தார்கள். ஜைலோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தொப்புள்கொடி உதிருமுன் இறந்துபோகிற பிள்ளை பெண்களுக்கு உரியது. குழி தோண்டுவது அவர்கள், மூடுவது அவர்கள். ஆண்கள் போவதில்லை, அழுவதில்லை, எங்கே என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த கரு தங்காது என்பார்கள். அவன் கேட்கவில்லை. அடுத்த கருவும் வரவில்லை.

“காட்டுங்கண்ணே! வெளிச்சம் விலகுது பாருங்க!”

அவன் இரண்டு கைகளாலும் டார்ச்சைப் பிடித்தான். உள்ளே அந்தப் பெண் கத்தியது நின்றது. அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை. தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன. இதை அவன் எவருக்கும் கதையாகச் சொன்னதில்லை என்பதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பிறகு பை புஸ் புஸ்ஸென்று ஊதும் சத்தம். பிறகு கோபம் கொண்ட பூனைபோல ஒரு குரல் கிளம்பியது. குரல் வலுத்தது. மெர்விஸ் உள்ளே சிரிக்கவும் திட்டவும் செய்தாள்.

ஜைலோஸ் டார்ச்சைக் கம்பியிலேயே செருகிவிட்டு நடந்தான். மரத்தடியில் எனெலெசி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

“அழுதுச்சா?” என்றாள்.

“அழுதுச்சு.”

“நல்லா?”

“ஆறு திரும்பிப் பார்க்கிற மாதிரி.”

அவள் தலையாட்டினாள். மரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். “அவன் இங்கதான் இருக்கான்” என்றாள்.

“யாரு?”

“நம்ம பையன்.”

ஜைலோஸ் அந்தக் கையைப் பார்த்தான். “பையனா?”

“பையன்தான்.”

நாலு வருஷமாக அதுகூட அவனுக்குத் தெரியாது.

“ஊரு பூரா தண்ணி. இந்த மூலை மட்டும்தான் மேடா, காஞ்சு கிடந்துச்சுன்னாங்க. இடம் தப்பிப்போயிடக் கூடாதுன்னு மாய் சாகோண்டா வேலியிலருந்து ஒரு குச்சியப் பிடுங்கி நட்டுருக்காங்க. அது வேர் விடும்னு யாரு கண்டா?”

அவன் மெல்ல அவள் அருகில் உட்கார்ந்தான். “நான் இதுலேருந்து கீரை பறிச்சுத் தின்னுருக்கேன்.”

“தெரியும். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“நீ வாங்கிட்டுப் போற கீரை?”

“பின்பக்கம் மண்ணு தோண்டிப் புதைச்சேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“ஆம்பளைங்ககிட்டச் சொல்றதில்ல.” அவன் பக்கம் திரும்பினாள். “அதோட, உங்ககிட்டச் சொன்னா அதுல ஒரு நீர்யானையச் சேர்த்துருவீங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு வேறு ஏதோ வந்தது. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. உள்ளே அந்தப் பச்சைப்பிள்ளை இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

விடிந்ததும் எனெலெசியே கோடரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அன்னிக்கு லைட்டு இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்” என்றாள். “அவன் வெளிச்சத்த மறைச்சு இன்னொரு பிள்ளை போகக் கூடாது. வெட்டுங்க.”

அவன் கோடரியை வாங்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தான். அடியில் வெட்டக் கை வரவில்லை. இடுப்புக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினான். “இவ்வளவு விடட்டுமா? நாலு வயசுன்னா இவ்வளவு இருப்பானா?”

எனெலெசி கிட்டே வந்து பார்த்தாள். அவன் கையைப் பிடித்து நாலு விரற்கடை மேலே தூக்கி வைத்தாள்.

“உங்க அப்பா எங்க வீட்டு வாசல்ல குனிஞ்சுதான நுழைவாரு? இவனும் அந்த வளர்த்திதான் வந்துருப்பான்.”

மரம் சத்தமில்லாமல் சாய்ந்தது. கீரைக்கு ஓடிவந்த பெண்கள் எனெலெசியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மெர்விஸ் வாசலுக்கு வந்தாள். “அடியோட வெட்டச் சொன்னேனே, ஜைலோஸண்ணே?” என்றவள் மொட்டை மரத்தின் தலையில் எனெலெசி கை வைத்திருந்ததைக் கண்டாள். அவளும் ஒரு பெண். அன்றைக்கு அலமாரியைத் துழாவிய கை அவளுடையது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அன்று மாலை விளக்கு வெள்ளையாக எரிந்தது.

முருங்கை சும்மா இருக்குமா? மழை முடிவதற்குள் தலைகொள்ளாமல் துளிர்த்தது. ஜைலோஸ் அரிவாளால் கழித்துவிட்டான். அதுபற்றி வரிசையில் யார் கேட்டாலும் கதை சொல்வதில்லை. வருஷம் ஒருமுறை எனெலெசி வந்து, எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று கை வைத்துக் காட்டுவாள், போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக. எந்தப் பிள்ளையும் கூரை உயரத்துக்கு வளர்வதில்லை என்பதால் விளக்குக்கு ஆபத்தில்லை.