மகளைப் பற்றி விசாரித்தவள்

"உங்க மகளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கம்மா" என்று போலீஸ் அதிகாரி கேட்டபோது தையல்காரி தன்னை அறியாமல் உள்ளறையைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். மகள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒருவர் வாசலில் நின்று அவ்வளவு சாதாரணமாகக் கேட்டால் பெற்ற வயிறு என்ன செய்யும்?

"அவ இப்ப இல்லைங்க" என்றார் கணவர்.

அதிகாரியின் குரல் தணிந்தது. மகளின் வங்கிக் கணக்கை யாரோ கைப்பற்றி, அவள் பேரில் நாலு பேரை ஏமாற்றியிருக்கிறார்களாம். கணக்கை மூட விடாதவள் தையல்காரிதான். மூடினால் அங்கேயும் பேரை அடித்துவிடுவார்களே என்ற பயம் அவளுக்கு.

"பேங்க்ல கேட்டதுக்குப் பிறந்த தேதி, முதல்ல படிச்ச பள்ளிக்கூடம், செல்லப் பேரு, எல்லாம் சரியாச் சொல்லியிருக்காங்க. யார்கிட்டயாவது பேசுனீங்களா?"

பேசினாள். வாய் வலிக்கப் பேசினாள். மகள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொன்னது ஒரு பெண் குரல். இறந்துபோன ஊழியர்களுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். இந்த வீட்டில் மகள் பேச்சை எடுத்தாலே கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். சொந்தபந்தமோ, அழாதே என்று வாயை அடைத்துவிடும். அந்தப் பெண் மட்டும்தான் "அப்புறம்மா?" என்று கேட்டாள். மூன்று மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு இவள் சொன்னாள். பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு மகள் அழுதது, ஒல்லியாக இருந்ததால் குண்டூசி என்று பேர் வந்தது, எல்லாம். அந்தப் பெண் சிரித்தாள். அன்று இவளும் சிரித்தாள், பாவி.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "அந்தப் பொண்ணு திரும்பக் கூப்பிட்டா எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

கணவர் கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"குண்டூசின்னா சொன்னே?" என்றார். இரண்டு வருஷத்தில் அந்தப் பேர் அவர் வாயில் வந்தது அப்போதுதான்.

"மூணாம் வகுப்பு வரைக்கும்தாங்க சொல்லியிருந்தேன்" என்றாள். "மிச்சத்தையும் கேக்குறேன்னு சொன்னா."

மெஷின் மேலிருந்த போன் அடித்தது. அதே எண்.

"எடுக்காத" என்றார்.

அவள் எடுக்கவில்லை. அவரும் அதை நிறுத்தவில்லை. அடித்து ஓயும்வரை இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.