எண்பதாம் பக்கத்துக்குப் பிறகு

"டத்தோவக் கூப்பிட்டா டத்தோ வருவாரு, அவரு பின்னாடி நூறு பேரு வருவான். புத்தகம் அப்படித்தான்க்கா போகும்!"

"போகும்லா. எங்க போகும்? கண்ணாடி அலமாரிக்குப் போகும். டேய் கோகிலா, எட்டு மாசமாச்சு. பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்த ஊருக்கே கொடுத்திருக்கோம். ஒருத்தராச்சும் வந்து கேட்டாங்களா?"

"கேக்கலல்ல? அப்புறம் என்ன பிரச்சனை?"

ஏதோ விழுந்து உடைந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான்.

சிலிபினில் எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அக்காள் தம்பி சண்டையைக் கேட்காமலிருக்கத்தான் மெனக்கெட வேண்டும். கலாதேவிக்கு கிளினிக் கவுன்டரில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை எழுதுவாள். கோகிலன் இன்சூரன்ஸ் முகவர். எதை எப்படி விற்பது என்று அவனுக்குத் தெரியாதது கிடையாது.

அவளுடைய முதல் புத்தகத்தை அவன்தான் மண்டபம் பிடித்து வெளியிட்டான். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, பிரியாணி. அறிவிப்பாளர் தினேஸ்வரி மேடையில் இருந்த நேரமெல்லாம் இவன் மேடைப்படியை விட்டு நகரவில்லை என்பது வேறு கதை. நம் ஊரில் புத்தக வெளியீடு பாதி கல்யாணம். பண உறையை நீட்ட வேண்டும், பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகத்தை வாங்க வேண்டும், பட்டம் வாங்கிய டத்தோவுடன் படம் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போக வேண்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைப் பிரித்தாலும் பிரிப்போம், அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை கோயில் நூலகத்துக்குக் கொடுக்க ஒரு பிரதியைப் புரட்டியபோதுதான் கலாவுக்கே தெரிந்திருக்கிறது, எண்பதாம் பக்கத்துக்குப் பிறகு தொண்ணூற்றேழு வருகிறதென்று. எல்லாப் பிரதியிலும்.

"ஒரே ஒரு ஆளு, பக்கத்தக் காணோம்னு வரட்டும்," என்றாள் கலா. குரல் இறங்கிவிட்டது, நான் வேலியை ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. "ரெண்டாவது புத்தகத்த அச்சுக்குக் கொடுக்குறேன். தீபாவளிக்குள்ள யாரும் வரலன்னா எழுதுறதயே விட்டுடுறேன். யாருக்காகடா எழுதுறது?"

உள்ளே போனேன். என் பிரதி மகனின் பேட்மிண்டன் கோப்பைக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. பழக்கத்தியால் பிளாஸ்டிக்கைக் கீறினேன்.

கதையில் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் எல்லாரும் வீட்டைக் காலி செய்து போய்விட, செல்லாயி மட்டும் போகவில்லை. தினமும் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் திறப்பதில்லை. ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தட்டுகிற சத்தம். எண்பதாம் பக்கத்தின் கடைசி வரி: 'செல்லாயி கதவைத் திறந்தாள். வெளியே நின்றது'. அடுத்த பக்கத்தில் சிம்பாங் பூலாய் சந்தியில் ஒரு காய்கறி லாரி பழுதாகி நிற்கிறது. வேறு கதை.

இந்தத் தாமான் குடியிருப்பில் யார் வீட்டுக் கதவை யார் எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்று சொல்லக்கூடியவள் நான். என்னிடமா இப்படி? அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மறுநாள் காலை வேலியோரம் பிடித்தேன். "கலா, அந்தக் கதவுல யாரு நின்னா?"

துணிக்கிளிப்போடு அவள் கை அப்படியே நின்றது. பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "பாப்பாக்கா, நேத்து நாங்க பேசுனதக் கேட்டுட்டுத்தான பிரிச்சீங்க?"

"ஆமா. அதுக்கென்ன? யாரு நின்னான்னு சொல்லுலா."

"அப்ப நீங்க சேத்தி இல்ல. ஆறுதலுக்குக் கேக்குறீங்க."

ஆறுதலா! எனக்கு நெஞ்சு அரித்துக்கொண்டிருந்தது. அவளானால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தனியாக எவ்வளவு நேரம் அரித்துக்கொள்வது? பாசாரில் மீன் வாங்கும்போது எதிர்வீட்டு விமலாவிடம் சொன்னேன். கோயிலில், கிளினிக் வரிசையில், ரொட்டி சானாய் கடையில் சொன்னேன். எண்ணெய், புடவை, கதவு தட்டும் சத்தம் எல்லாம் சொல்லி, கதவு திறந்ததும் நிறுத்தினேன். எனக்கும் அதற்குமேல் தெரியாதே.

"அப்புறம்?" என்பார்கள்.

"புத்தகம் உங்க வீட்லதான இருக்கு, பாருங்களேன்."

தாமான் முழுக்கப் பிளாஸ்டிக் கிழிந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசி வீட்டு மாயாண்டி கலா வீட்டு கேட் அருகே வந்து நின்றார். லாரி ஓட்டுகிறவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு யாருடனும் பேசாதவர். புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி, "தங்கச்சி, எம்பதுக்கு அப்புறம் எங்க?" என்றார்.

கலாவுக்கு கேட் பூட்டைத் திறக்கவே வரவில்லை. சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

விட்டுப்போன பதினாறு பக்கத்தை அச்சகம் தனியாக அடித்துக் கொடுத்திருந்தது. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள், எனக்குத் தவிர. "உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கே ஊருக்குத் தெரிஞ்சிடும்க்கா. அப்புறம் யாரு பிரிப்பா?" மற்றவர்களிடம் சத்தியமே வாங்கியிருக்கிறாள். மாயாண்டி கேட்டருகே நின்றபடியே படித்து முடித்தார். அவரை வழிமறித்துக் கேட்டதற்கு, "நல்லா எழுதியிருக்குலா," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். கோகிலன் சும்மா இருப்பானா? எல்லாமே தன் திட்டம்தான் என்று பேஸ்புக்கில் எழுதினான். எழுத்தாளர்களுக்கு அவன் யோசனை: நடுவில் கொஞ்சம் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது புத்தகம் அச்சுக்குப் போனது. மண்டபம் பிடித்தது உண்மை, ஆனால் வெளியீட்டுக்கு இல்லை. மாசியில் கோகிலன் தினேஸ்வரியைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் புத்தகம்தான் அன்பளிப்பு, பிளாஸ்டிக் இல்லாமல். இருவரும் கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் கலாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் கோலா கங்சாருக்குப் போனாள். சாமானை மாயாண்டியின் லாரி ஏற்றிப் போனது. லாரி திரும்பி வந்தது. நான்கு நாள் கழித்து.

அவள் போன அன்று என் தபால் பெட்டியில் மெல்லிசாக ஒன்று கிடந்தது. பதினாறு பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள்.

இப்போது அது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பக்கத்தில் பழக்கத்தியையும் எடுத்து வைத்திருக்கிறேன், கீறத்தான் மனம் வரவில்லை. அந்த வீட்டுக் கொடியில் ஒரு கிளிப் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஏழு நாளாக மேசையில் பப்பாளி முழுசாகவே பழுத்துக்கொண்டிருக்கிறது.