இன்னும் இருபது பர்சண்டு

பெட்டியில் படுத்திருந்த தீபன், சரியாக இரண்டே முக்காலுக்கு, ஒலிபெருக்கியில் எங்களையெல்லாம் அதட்டினான்.

“மூணு மணிக்கு டிராகன்டா. படுத்திருக்கிறவன்லாம் எழுந்திரிங்க லா. தலைவர் கூப்பிடுறாரு.”

கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த ஒருவரும் அசையவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த காளியம்மா அத்தை வரியைப் பாதியில் விட்டுவிட்டு, எழுந்திருக்கப்போகிறவனுக்கு வழிவிடுவதுபோலக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

தப்பு என்னுடையது. தேவாரம் போடுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு பெயர். என் போனை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டு, மாலைகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனேன். சனி ஞாயிறு இரண்டே முக்காலுக்கு அடிக்கிற அலாரம் அதே போனில் இருப்பது நினைவில் இல்லை. போன தீபாவளிக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தீபனே பதிவுசெய்து கொடுத்த குரல் அது. ஓடிவந்து ஈர விரலால் திரையை எவ்வளவு தேய்த்தாலும் நிற்கவில்லை. மூன்றாவது முறை அவன் “எழுந்திரிங்க லா” என்றபோது சின்னையா மாமா ஸ்பீக்கர் வயரையே பிடுங்கினார்.

“அறிவிருக்காடா உனக்கு?”

“இல்ல மாமா.”

நேற்றிலிருந்து நான் எதையும் மறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரி என்னைத் திட்டவில்லை. தீபனின் மனைவி, என் தங்கை. அவள் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தாள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

தலைவர் என்று அவன் சொன்னது என்னைத்தான். புந்தோங்கில் ஒரு டயர் கடையில் ஸ்டோர் பார்க்கிற, நாற்பத்தொரு வயதான, கொலஸ்டரால் மாத்திரை சாப்பிடுகிற கார்த்திகேசு, இன்டர்நெட் விளையாட்டு ஒன்றில் இருபத்து மூன்று வீரர்களுக்குத் தலைவன். படைக்குப் பெயர் பால்மரப் படை. எங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மா பத்து காஜா பக்கத்து எஸ்டேட்டுகளில் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர்கள். வேறு வீரப் பெயர் எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. இருபத்து மூன்று பேரில் ஒழுங்காக வருவது எட்டுப் பேர். அந்த எட்டில் இரண்டு பேர் பாதியில் தூங்கிவிடுவார்கள். வாள், மந்திரம், பனிமலை, டிராகன் எல்லாம் இருக்கிற அந்த உலகத்தில் தலைவனுடைய வேலை, “மச்சான் வாரியா, வாரியா” என்று வளர்ந்த ஆம்பிளைகளுக்கு மெசேஜ் அனுப்பிக் கெஞ்சுவது. கோயில் கமிட்டித் தலைவருக்கும் இதே வேலைதான். அவருக்குத் திருவிழாவில் ஒரு மாலையாவது போடுவார்கள்.

இந்த மாதிரிக் கூட்டத்துக்குக் கில்ட் என்று பெயர். சில கில்டுகள் ராணுவம் போல. தாமதமாக வந்தால் தண்டனை, பாதியில் எழுந்து போனால் பெயரை அடித்துவிடுவார்கள். நாங்கள் அப்படி இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு சட்டம், அதை எழுதியது நான்: வீடு கூப்பிட்டால் போய்விடலாம், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. பிள்ளை அழுதாலும், குழம்பு பொங்கினாலும், பொண்டாட்டி முறைத்தாலும், “வாரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஒருவன் எழுந்து போனதால் மிச்சப் பேர் மொத்தமாக டிராகன் வாயில் போன நாட்கள் எத்தனையோ. சிரித்துக்கொண்டே செத்தோம். அந்தச் சட்டத்தில் எனக்குப் பெருமை உண்டு. கடையிலும் வீட்டிலும் பெரிதாக ஒன்றும் சாதிக்காதவனுக்கு, நல்ல மனுஷன் என்று பெயர் வாங்க அது ஒன்றுதான் இடம்.

தீபன் எங்கள் வைத்தியன். குனோங் ராபாட்டில் மலையை உடைத்துப் போடுகிற கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிற அந்தத் தொண்ணூறு கிலோ உடம்பு, உள்ளே வந்தால் பச்சை அங்கி போட்ட ஒல்லி வைத்தியனாகிவிடும். நாங்கள் முன்னால் நின்று அடி வாங்குவோம். அவன் பின்னால் நின்று எங்களுக்கு உயிர் ஏற்றுவான். அவன் கையை எடுத்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாரும் காலி.

நேற்று சனிக்கிழமை. பதினோரு வாரமாக எங்களைத் தின்று தீர்த்த பனி டிராகனுக்கு இன்னும் இருபது பர்சண்டு உயிர் மிச்சம். மணி மூன்றரை. என் ஹெட்போனில் தீபன் சொன்னான்.

“தலைவரே, நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது. நான் எழுந்திரிக்கிறேன் லா.”

“இன்னும் இருபது பர்சண்டுதான் மச்சான். காத்தா இருக்கும். டிராகன் செத்ததும் ஒரு ஏப்பம் விடு, சரியாயிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இல்லை, சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு.

வேறு கில்டாக இருந்தால் நாலு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நாங்கள் இருபது நிமிஷம் இழுத்தோம். ஒருத்தன்கூடச் சாகவில்லை. அந்த இருபது நிமிஷமும் அவன் எங்கள் எல்லாருக்கும் மாற்றி மாற்றி உயிர் ஏற்றிக்கொண்டே இருந்தான்.

“செத்துருச்சா?” என்று கேட்டான்.

“செத்துருச்சு மச்சான்.”

“அப்ப வாரேன்.”

டிராகன் விட்டுப்போன பொருட்களில் ஒரு மந்திரக்கோல் இருந்தது. வைத்தியனுக்கு உரியது. தலைவன் என்கிற முறையில், விளையாட்டுக்கு உள்ளேயே இருக்கிற தபாலில் அதை அவன் பெயருக்கு அனுப்பிவைத்தேன். முப்பது நாளில் எடுத்துக்கொள்ளாவிட்டால் அனுப்பியவனுக்கே திரும்பி வந்துவிடும். ‘எங்க லா போனே, வந்து எடுத்துக்கோ’ என்று ஒரு வரியும் எழுதினேன். ஆறு மணிக்குத் தினேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

அப்போதிலிருந்து எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். போ என்று நான் சொல்லியிருந்தால் தீபன் இருந்திருப்பானா?

ஆஸ்பத்திரியில் பெட் தள்ளிக்கொண்டு போன மலாய்க்காரத் தம்பியைக்கூட விடவில்லை. அவன் என் தோளைத் தட்டி, “சூசா நாக் சாகாப், பாங்” என்றான். சொல்றது கஷ்டம் அண்ணே. சின்னையா மாமாவிடம் கேட்டேன். “விதிடா. லாரிக்காரன் உடம்பு, ராத்திரி பகல்னு ஓட்டுனது” என்று ஆரம்பித்து, கூடாரக்காரனுக்குப் போன் செய்ய எழுந்து போனார். தினேஸ்வரியிடம் இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள், இரண்டு தடவையும், “சாப்பிட்டியாண்ணே?” என்றாள்.

மூன்று மணி வாக்கில் பால்மரப் படை வந்து இறங்கியது. ஐந்து பேர். துக்க வீட்டுக்குக் கறுப்பு போட வேண்டும் என்று நினைத்து, கில்டுக்கு நாங்கள் அடித்த கறுப்பு டீசட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முன்பக்கம் டிராகன். முதுகில் இரண்டு கை அகலத்துக்கு 23 என்று நம்பர். எங்கள் ஊரில் ரவுடிக் கேங்குகளுக்கு நம்பர்தான் பெயர்.

சின்னையா மாமா என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“கார்த்தி, இது எந்த நம்பர் கேங்குடா? போலீஸ் வந்து படம் புடிச்சா யாரு பதில் சொல்றது?”

“கேங்கு இல்ல மாமா. நாங்க மொத்தம் இருபத்து மூணு பேரு. கம்ப்யூட்டர்ல விளையாடுறது.”

“இந்த வயசுலயா?”

“ஆமா மாமா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கேங்காக இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

பவித்ரன் எங்கள் கேடயக்காரன். வெளியே ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். மற்றவர்கள் வரிசையாகப் போய்ப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வர, அவன் மட்டும் பாதியிலேயே நின்று திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மூஞ்சி வேற மாதிரி இருக்கு தலைவரே.”

“பவுடர் போட்டிருக்காங்க.”

எதிரே சுண்ணாம்பு மலை தெரிந்தது. வெட்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது.

“பவி. நேத்து நெஞ்சு இறுக்குதுன்னு சொன்னான்ல?”

“எனக்கும்தான் கேட்டுச்சு. நானும்தான் சிரிச்சேன். நீங்க என்ன டாக்டரா?”

“அப்பவே போயிருந்தா பொழச்சிருப்பானா?”

பவித்ரன் எழுந்தான்.

“டீ குடிக்கிறீங்களா? அங்க ஊத்துறாங்க. எடுத்தாரேன்.”

எடுத்துவந்தான். சர்க்கரை அதிகம். இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.

மூன்றரைக்குச் சின்னையா மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். “நாலு மணிக்கு எடுக்கணும். பொறந்த வீட்டுக் கோடி யாரு? கார்த்தி, வா.”

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அப்பா இருந்தால் அப்பா செய்வார். எங்கள் வீட்டில் மிச்சமிருக்கிற ஆண் நான். காலையில் டவுனில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். சேலையை விரித்துக் காட்டிய பெண், “விசேஷமா அண்ணே? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” என்று கேட்டாள். “பொண்ணு வீடு” என்றேன். பொய் இல்லை. சந்தோஷமாக மடித்து, வழக்கப்படி உள்ளே ஒரு குங்குமப் பொட்டலத்தையும் வைத்துக் கொடுத்தாள். காரில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் பையில்தான் இருந்தது.

கடைப் பையிலிருந்து சேலையை எடுத்தேன். காளியம்மா அத்தை முனையைத் தொட்டுப் பார்த்தார்.

“வெள்ளை எடுக்கலையா?”

“நீலம் அத்தை.”

“ம். இப்பல்லாம் யாரு பாக்குறா. போய்ப் போடு.”

கோடி விழுகிற நேரத்துக்கென்று பெண்கள் சத்தத்தை அடக்கி வைத்திருந்ததுபோல் இருந்தது. நான் அடி எடுத்து வைத்ததும் மொத்தக் கூடாரமும் அலறியது. அத்தை மார்பில் அடித்துக்கொண்டார். தினேஸ்வரி மட்டும் அழவில்லை. கால்களை மடித்து, கைகளை மடியில் வைத்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருப்பவள்போல அசையாமல் இருந்தாள்.

சேலையை விரித்து அவள் தோளைச் சுற்றிப் போட வேண்டும். மண்டியிட்டுக் குனிந்தேன். அவள் காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் தலையில் நேற்று வைத்த எண்ணெய் வாசம். சுற்றி இருந்த சத்தத்தில் நாங்கள் என்ன பேசினாலும் வெளியே கேட்காது. மெதுவாகப் போடு என்று என் கைக்குச் சொல்லிக்கொண்டேன்.

“தினேஸ்.”

அவள் நிமிரவில்லை.

“நேத்து நான் அவனைப் போகச் சொல்லியிருந்தா?”

சாப்பிட்டியாண்ணே என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“பொழச்சிருப்பாரு,” என்றாள். “அரை மணி நேரம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு எங்கிட்ட சொன்னாரு.”

சேலையின் ஒரு பக்கம் அவள் இடது தோளில் விழுந்திருந்தது. மறு பக்கம் என் கையில் இருந்தது.

“நீ பேசுனது எல்லாம் கேட்டுச்சுண்ணே. அவரு ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு. ஏப்பம் விடுன்னு சொன்னியே, நானும் அடுப்பாங்கரையில நின்னு சிரிச்சேன்.”

காளியம்மா அத்தை எங்களைப் பார்த்து, அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நினைத்து, இன்னும் சத்தமாக அடுத்த வரியை எடுத்தார்.

“எழுந்து வந்தப்ப சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. இப்படியேவா ஆஸ்பத்திரிக்குப் போறது, நாலு பேரு பாப்பாங்க, குளிச்சிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்புனேன். போனாரு. பத்து நிமிஷம் தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. நான் வெளிய நின்னு எந்தச் சேலை கட்டலாம்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“பெட்டி மூடணும், சீக்கிரம்,” என்றார் சின்னையா மாமா.

சேலையின் மறு முனை அப்போதும் என் கையில்தான் இருந்தது. தினேஸ்வரி அதை என் விரல்களிலிருந்து மெல்ல விடுவித்து, வலது தோளில் தானே போட்டுக்கொண்டாள்.