பத்துப் பாகங்களும் ஒரு சாக்குக் கம்பெனி மேலாளரும்

அரச சபையைச் சேர்ந்த ஐந்து பேர் சாக்குக் கம்பெனி மேலாளர் வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து, மாடித் தொட்டியில் தண்ணீர் காலையிலேயே தீர்ந்துபோனது. ஆளப் பிறந்த தன்னிடம் சாக்குகளைக் கொடுத்துவிட்டார்களே என்பது மேலாளரின் நெடுநாள் குறை. அதற்கு மருந்தாக அவர் ஊரிலிருந்த புத்தகக் கடைகளையெல்லாம் சலித்தெடுத்துவிட்டு, கடைசியில் ஒரு வாடகை நூலகத்தில் போய் நின்றார். “நிலாவைப் பாத்து உருகுற கதையெல்லாம் வேணாம். அரசியல் வேணும், சூழ்ச்சி வேணும், பாகம் பாகமாப் போகணும்” என்றார். நூலகக்காரர் தூசி தட்டி ஒரு சரித்திர நாவலின் பத்துப் பாகங்களை எடுத்து வைத்தார். “இருக்கு சார். ஆனா ஒரு பக்கம் விடாமப் படிக்கணும்.” “எனக்கே படிக்கச் சொல்லித் தர்றியா?” என்று கேட்டுவிட்டு மேலாளர் ஆட்டோ பிடித்தார்.

அவர் யாரைப் பற்றிப் படித்தாரோ அவர்கள் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தார்கள். விசுவாசமான சேனாதிபதி, வளர்த்த தாய், மலை, ஆறு என்று வந்தால் எச்சில் தொட்டு நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். ஆகவே வந்தவர்கள் முதன்மந்திரி, இளையராணி, நஞ்சு காய்ச்சும் வைத்தியர், ஒற்றர் இருவர். அவர்கள் “பிரபு” என்று குனிந்த அன்றே மேலாளருக்குத் தலை கால் புரியவில்லை. ஒற்றர் சொல் கேட்டு மச்சானை நாடு கடத்தினார். அவன் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனான். மனைவியின் கைபேசியைப் பறிமுதல் செய்தார்.

“என்னங்க, இவங்கெல்லாம் எப்பக் கிளம்புவாங்க?”

“ராஜாவ விட்டுட்டு எங்கடி போவாங்க?”

“நீங்க சாக்குக்குத்தான ராஜா?”

இந்த ராஜத் துரோகத்துக்காக அவள் சமையலறைத் தரையில் படுக்கும்படி ஆனது. வெறும் தரை, பாயும் பறிமுதல். பத்துப் பாகங்களிலும் எந்தச் சிம்மாசனத்தையும் கவிழ்க்காமல் விட்டறியாத முதன்மந்திரி, மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அவளைத் தேடி வந்து திட்டத்தை விளக்கினார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வலிக்குமா?”

“யாருக்கு, தேவி?”

“சரி, விடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் பாதியில் இருக்கும்போதே ஒற்றர்கள் மேலாளரைத் துணி மடிப்பதுபோல் மடித்து, நாலாம் பாகத்துப் பாதாளச் சிறையில் செருகினார்கள். “சேனாதிபதி!” என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். சேனாதிபதி சில பக்கங்கள் தள்ளி வாளைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கூப்பிடுவது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இருவருக்கும் அறிமுகம் நடந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை முதன்மந்திரி கம்பெனிக்குப் போய் மேலாளர் நாற்காலியில் அமர்ந்தார். உற்பத்தி கூடியது, இரண்டு கணக்கர்கள் காணாமல் போனார்கள், நிர்வாகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. மனைவி கட்டிலுக்குத் திரும்பி, கால் நீட்டிப் படுத்து நாலாம் பாகத்தைப் பிரித்தாள். இருட்டில் ஒரு கைதி, பாதி மீசையோடு, “கண்ணாடியாவது குடுடி” என்று கம்பியைப் பிடித்துக் கெஞ்சும் கட்டம் வந்தது. அதை இரண்டு முறை படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தது.