குலுங்காத வேகம்

மெக்கானிக்குக்கும் அவன் தங்கை புருஷனுக்கும் கல்யாணமான நாள் முதலே ஏழாம் பொருத்தம். பால் வேன் ஓட்டுகிற அந்த மனுஷன், மாதம் தவறாமல் ஷாக் அப்சார்பரை உடைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து நிற்பான். அன்று காலையும் வந்து நின்றான். முன் சீட்டில் எட்டு மாத வயிற்றோடு தங்கை. டாக்டர் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவாராம்.

டவுனுக்குப் போக முப்பது கிலோமீட்டர் சரளை ரோடு. லாரிகள் ஓடி ஓடி, தகரக் கூரை போல வரிவரியாக மேடு விழுந்த ரோடு.

"சீக்கிரம் மாட்டுங்க மச்சான். எண்பதுல அழுத்தினா இவளுக்கு ஒரு குலுக்கல் தெரியாது. மெதுவா போனாத்தான் குடல் வெளிய வரும்."

அந்த ரோட்டில் ஓட்டுகிற அத்தனை பயல்களும் பாடுகிற பாட்டுதான். அதில் பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"குலுங்கலைன்னா டயரு சரியா தரையில படலைன்னு அர்த்தம்யா! வளைவுல நீ திருப்புவ, வண்டி அது பாட்டுக்கு நேரா போகும். போன மாசம் அந்தக் காய்கறி வண்டிக்காரன் எப்படிச் செத்தான்?"

"ஓட்டத் தெரியாம செத்தான்."

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்பானரால் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. தங்கை முகத்துக்காக அடக்கிக்கொண்டான். வேலை முடிந்ததும் வேன் சாவியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

"நான்தான் ஓட்டுவேன். நீ பின்னாடி கேனோட கேனா உக்காரு."

"அவ என் பொண்டாட்டி!"

"எனக்குத் தங்கச்சிடா!"

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு ஏறுங்க" என்றாள் அவள்.

முப்பதில் ஓட்டினான். வண்டி எலும்பை உலுக்கியது. தங்கை இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முனகினாள். பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது.

"ஆகா, பாசம்னா இதுதான் பாசம்! வழியிலேயே பிரசவம் பார்த்துடுவாரு!"

ஐந்தாவது கிலோமீட்டரில் தங்கை அழுதேவிட்டாள். "தாங்க முடியலண்ணா. கொஞ்சம் வேகமாப் போயேன்."

உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே! கால் அழுத்தியது. ஐம்பது, அறுபது, எண்பது. குலுக்கல் நின்றது. தங்கை கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அடடா, என்ன சுகம்! அவனுக்கு வெட்கமில்லாமல் பெருமையாகக்கூட இருந்தது.

வளைவில் திருப்பினான். வண்டி திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தான், அதற்கும் மசியவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

புழுதி அடங்கியது. பிறகு பின்னாலிருந்து, "எனக்குத்தான் ஓட்டத் தெரியாது, இல்ல மச்சான்?"

மெக்கானிக் பாய்ந்து இறங்கி அவனை வெளியே இழுத்துச் சட்டையைப் பிடித்தான். அவன் இவன் கழுத்தைப் பிடித்தான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். தங்கை டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பட்டறைக்கு வந்த வண்டிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தவள்தான்.

"ஒருத்தன் திமிருல கொல்லுவான், ஒருத்தன் பாசத்துல கொல்லுவான். அண்ணா, நான் கேட்டா உடனே அழுத்திடுவியா? வர்றதுன்னா பின்னாடி ஏறுங்க, இல்லன்னா இங்கேயே அடிச்சுக்கிட்டுச் சாவுங்க."

ஏறினார்கள். அவள் இருபதில் ஓட்டினாள். ஒவ்வொரு மேட்டுக்கும் வலியில் கத்தினாள், அழுதாள், இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். காலை மட்டும் அழுத்தவில்லை. கேன்களைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த அந்த இருவருக்கும், கொஞ்சம் வேகமாகப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.